இரண்டே வேடங்கள்

அன்புள்ள தாமஸ் குவாஸ்தோஃப் அவர்களுக்கு,

நீங்கள் ஜெர்மன் பாடகர்; இந்தக் கடிதம் உங்கள் கண்ணில் படப்போவதில்லை. பட்டாலும் தமிழ் புரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உங்களைப் பற்றி யார் எழுதினாலும் தாலிடோமைடில்தான் தொடங்குகிறார்கள். 1959 நவம்பரில் ஹில்டெஸ்ஹைமில் நீங்கள் பிறந்தீர்கள். கருவிலேயே குழந்தையின் கை கால்களைக் குறுக்கிவிடும் என்று தெரியாமல் கர்ப்பிணிகள் குமட்டலுக்கு அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்த காலம். குட்டைக் கைகள், நாலரை அடிக்கும் குறைந்த உயரம். நானும் அதிலேயே தொடங்கிவிட்டேன், பாருங்கள்.

எனக்கு வயிறு எரிவது பியானோ விஷயத்தில்தான். ஹனோவர் இசைக் கல்லூரியில் சேரப் போனீர்கள். பாட்டு மாணவரும் பியானோ வாசிக்க வேண்டும் என்பது விதி, உங்களால் முடியாது, இடம் இல்லை. பாட வந்தவரிடம் விரல்களைக் கேட்டிருக்கிறார்கள்! சரி, போகட்டும் என்று ஷார்லோட் லேமனிடம் தனியாகப் படித்தீர்கள். நடுவில் சட்டப் படிப்பு, சேமிப்பு வங்கி வேலை, வானொலி அறிவிப்பு. 1988இல் மியூனிக்கில் ஜெர்மன் ஒலிபரப்பு அமைப்பான ஏஆர்டி நடத்தும் சர்வதேச இசைப் போட்டியில் முதல் பரிசு. அப்புறம் டெட்மோல்டிலும் பெர்லினிலும் நீங்களே இசைக் கல்லூரிப் பேராசிரியர். அந்தச் செய்தி ஹனோவருக்கும் போயிருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் அற்ப ஆசை.

கச்சேரி மேடையில் ஷூபெர்ட், பாக், மாலர் என்ற இசையமைப்பாளர்கள் உங்களுக்கு எப்போதோ வசப்பட்டுவிட்டார்கள். பாடியே நடிக்கும் நாடகமான ஓப்பரா வேறு. அங்கே குரலுக்கு முன்னால் உடம்பு தெரிகிறது. 2003இல், 43 வயதில்தான், சால்ஸ்பர்க் ஈஸ்டர் விழாவில் சைமன் ராட்டில் நடத்திய ‘ஃபிடேலியோ’வில் ஏறினீர்கள். டான் ஃபெர்னாண்டோ: கடைசியில் வந்து கைதிகளை விடுவிக்கும் அமைச்சர். வந்து, நீதி சொல்லி முடித்துவிடுகிற சின்ன வேடம்.

அடுத்த ஆண்டு வியன்னாவில் வாக்னரின் ஓப்பரா ‘பார்ஸிஃபால்’. அதில் உங்களுக்கு வந்த அம்ஃபோர்டாஸ் சின்ன வேடமே இல்லை. புண் ஆறாமல், சாகவும் விடாமல் சடங்குக்குத் தூக்கிவரப்படும் அரசன். வாக்னரின் அத்தனை வாத்தியங்களுக்கும் மேலாக ‘எர்பார்மென்’, இரக்கம் காட்டு என்று அவன் கதற வேண்டும். கீழே பாஸ் என்னும் மிகத் தாழ்ந்த ஆண் குரலின் கனம் வேண்டும், மேலே அதைவிடச் சற்று உயர்ந்த பாரிட்டோன் குரலின் வீச்சும் வேண்டும். அதற்காகவே அமைந்த தொண்டை உங்களுடையது. இந்த இரண்டு வேடங்களோடு ஓப்பரா போதும் என்றுவிட்டீர்கள். இன்னும் பத்து வேடங்கள் பாடியிருக்கலாம் என்று ரசிகன் பேராசைப்படுவான்; எனக்கும் அந்த ஆசை உண்டு.

பிறகு உங்கள் அண்ணன் மிஷாயேலுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த சில நாட்களில் குரல் போயிற்று. தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள் மருத்துவர்கள். 2012 ஜனவரியில், 52 வயதில், ஓய்வை அறிவித்தீர்கள்.

ஓப்பராவில் அம்ஃபோர்டாஸின் புண்ணை ஆற்ற ஈட்டியோடு பார்ஸிஃபால் வருகிறான். உங்களுக்கு ஜாஸ் வந்தது. 2018இல் வெளியான உங்கள் ஜாஸ் பாடல் தொகுப்பை நேற்று இரவு போட்டேன். அடுத்த அறைக்குக் கேட்காதபடி பேசுகிறவரைப் போலப் பாடுகிறீர்கள். ‘எர்பார்மென்’ என்று கதறிய தொண்டைதானா இது என்று இரண்டாம் தடவையும் போட்டுக் கேட்டேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்