அறுவைக்கு நாள் குறிக்கும்போதே சொல்லிக்கொடுங்கள்

புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்காக, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை முழுதாக அகற்றிக்கொண்டவன் நான். எனக்கு அறுவை செய்தவர் கைதேர்ந்தவர். புற்றுநோய் திரும்புகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. அளவு இன்றுவரை ஏறவில்லை. உயிரைக் காத்துக் கொடுத்தவர்கள் மீது எனக்குள்ள நன்றியில் குறையில்லை. அந்த நன்றியோடுதான் ஒரு மனத்தாங்கலையும் எழுதுகிறேன்: சிறுநீரை அடக்கும் தசைக்கான பயிற்சியை அறுவைக்கு முன்பே யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அறுவை முடிந்த பத்தாம் நாள், சிறுநீர் வெளியேற வைத்திருந்த குழாயான கதீட்டரைக் கழற்றினார்கள். கட்டிலிலிருந்து எழுந்து நின்றேன். நின்ற மாத்திரத்தில் சிறுநீர் காலோடு வழிந்து தரையை நனைத்தது. அடக்கப் பார்த்தேன், உடம்பில் எந்த இடத்தை அடக்குவது என்றே பிடிபடவில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் தானாக நடந்துவந்த காரியம், அன்று முயன்றும் நடக்கவில்லை. செவிலியர் ஒரு டயப்பரும் ஒரு தாளும் கொடுத்து அனுப்பினார். தாளில் கடைசி வரி: கெகல் பயிற்சி செய்யவும். இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அது. எந்தத் தசை, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்று ஒன்றும் இல்லை.

நானும் செய்தேன். பிட்டத்தை இறுக்கினேன், வயிற்றை எக்கினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மாதங்கள் விடாமல் செய்தும் பயனில்லை. பின்னர் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனபோதுதான், நான் செய்ததில் பாதி சிறுநீர்ப்பையைக் கீழ்நோக்கி அழுத்தும் வேலை என்று தெரிந்தது. அவர் சொன்னது ஒரே வாக்கியம்: ஆணுறுப்பை உள்ளே இழுத்துக் குறுக்குவதுபோல நினையுங்கள், பின்புறத்தை இறுக்காதீர்கள். கண்ணாடி முன் நின்று பார்க்கச் சொன்னார். சரியான தசை சுருங்கினால் ஆணுறுப்பின் அடிப்பகுதி லேசாக உள்ளே போகும், விதைப்பை சற்று மேலே எழும். முதல்முறை அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்தச் சொற்களைச் சொன்னால் எந்தத் தசை சுருங்குகிறது என்று ஸ்கேன் வைத்தே பார்த்திருக்கிறார்கள். ஆசனவாயை இறுக்கச் சொன்னால் பின்பக்கத் தசைதான் அதிகம் வேலை செய்கிறது. உறுப்பை உள்ளிழுக்கச் சொன்னால் சிறுநீர்ப் பாதையைச் சுற்றியுள்ள தசை நன்றாகச் சுருங்குகிறது. ஒரு வாக்கியத்தில் இருந்த விடையை எனக்கு யாரும் இரண்டு மாதங்கள் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். சிறுநீரை அடக்க ஆணுக்கு இரண்டு பூட்டுகள். மேலே சிறுநீர்ப்பையின் கழுத்தில் ஒன்று, அது நம் கவனம் இல்லாமலே வேலை செய்வது. கீழே இன்னொன்று, நாம் நினைத்து இறுக்கக்கூடியது. சுரப்பியை எடுக்கும்போது மேல் பூட்டு பெரும்பாலும் செயலிழக்கிறது. மிச்சமிருக்கும் கீழ்ப்பூட்டை வாழ்நாளில் தெரிந்து பயன்படுத்தியவர்கள் எங்களில் அரிது. கதீட்டர் உள்ளே இருக்கும் நாட்களில் இந்தப் பயிற்சி கூடாது என்கிறீர்கள். கழற்றிய பிறகோ வலி, வீக்கம், பயம், ஈரத் துணி. இதுவரை உணர்ந்தே அறியாத ஒரு தசையைத் தேடிக் கண்டுபிடிக்க அதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது. அறுவைக்காகக் காத்திருக்கும் வாரங்களில் உடம்பு நன்றாக இருக்கிறது, மனம்தான் தவிக்கிறது. செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தால் அந்தத் தவிப்பும் கொஞ்சம் அடங்கும்.

சான்று எங்கே என்று கேட்பீர்கள். 2000-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வில் 102 பேர் பங்கேற்றனர். கதீட்டரை எடுத்தவுடன் முறையாகப் பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் கசிவு நின்றது. மற்றவர்களில் 56 சதவீதம் பேருக்கு. 2011-இல் அதே இதழில் வந்த பெரிய பிரிட்டிஷ் ஆய்வு வேறு விதமாகச் சொன்னது: ஓராண்டு முடிவில் பயிற்சி பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த ஆய்வில் பயிற்சி தொடங்கியதே அறுவைக்கு ஆறு வாரங்களுக்குப் பிறகுதான். ஓராண்டு முடிவில் சமம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த ஓராண்டை நாங்கள் நாள் நாளாக அல்லவா வாழ வேண்டியிருக்கிறது? எந்தக் கூட்டத்திலும் வாசலோரம் இடம் தேடி உட்கார்ந்தேன். பேரப்பிள்ளையைத் தூக்கக் குனிவதற்குக்கூட யோசித்தேன். இதை எந்த நண்பரிடமும் சொல்லவில்லை.

இதே பயிற்சியை அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் பெண்களுக்காக எழுதினார். அதனாலோ என்னவோ, இது பெண்களுக்கானது என்றே பல ஆண்கள் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்ற உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் போதும். நாங்கள் உங்களை நம்புகிறோம்.

2019-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், அறுவை முடிந்தவுடன் இந்தப் பயிற்சியை வழங்க வேண்டும் என்கிறது. அறுவைக்கு முன் வழங்கலாம் என்கிறது. அந்த 'லாம்' உங்கள் துறையில் 'வேண்டும்' ஆகட்டும் என்பதே என் கோரிக்கை. பிசியோதெரபிஸ்ட் இல்லாத இடமாக இருந்தாலும் வழி உண்டு. ஆசனவாய் வழியே விரல் வைத்துப் புராஸ்டேட்டைப் பரிசோதிக்கிறீர்களே, அந்த நேரத்தில் தசையைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள். அது மேலே எழுகிறதா, கீழே தள்ளப்படுகிறதா என்று உங்கள் விரலுக்கே தெரியும். அரை நிமிடம்கூட ஆகாது.

இன்னும் சிலவற்றை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். படுத்தபடி செய்யும் பயிற்சி மட்டும் போதாது, கசிவது நிற்கும்போதுதான் என்பதால் நின்றும் பழக வேண்டும். நீண்ட நேரம் பிடித்து வைப்பதும் சட்டென்று இறுக்கி விடுவதும் இரண்டும் தேவை. இறுக்குவதைப்போலவே முழுதாகத் தளர்த்துவதும் முக்கியம். இருமலுக்கும் எழுவதற்கும் ஒரு கணம் முன்பே சுருக்கிக்கொள்ள வேண்டும். மாலையில் கசிவு கூடினால் தசை களைத்திருக்கிறது என்று பொருள். அது தெரியாமல், தையல் பிரிந்துவிட்டதோ என்று நான் பல இரவுகள் தூங்காமல் கிடந்தேன்.

அறுவைக்கு நாள் குறித்து நீங்கள் தரும் சீட்டில் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, இசிஜி இருக்கிறது, மயக்க மருந்து நிபுணரைப் பார்க்கும் நேரம் இருக்கிறது. அவற்றுக்குக் கீழே இன்னொரு வரியைச் சேருங்கள்: இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, முதல் வகுப்பு, அறுவைக்கு நான்கு வாரங்களுக்கு முன்.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவன்