லோடிங் நேரத்துக்குக் காசு வாங்கிய அண்ணன் எழுதுவது

தக்கலையில் என் கடையில் மணிக்கணக்கு வைத்து விளையாடிய தம்பிமார் எல்லாருக்கும்,

நல்லா இருக்கியளா? கடையை மூடி வருசம் பல ஆச்சு. நாலு டி.வி., நாலு பிளேஸ்டேஷன், எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சுவர்க்கடிகாரம், வந்த நேரம் போன நேரம் எழுத ஒரு நோட்டு. மணிக்கு 20 ரூபாய். உங்களில் பாதிப்பேர் இப்போது பெங்களூரிலும் துபாயிலும் சம்பளம் வாங்குகிறீர்கள். சொந்தக் காசில் கேம் வாங்குகிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மாதம் உங்களில் ஒருத்தன் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தவன், டீக்கடையில் பார்த்துப் பிடித்துக்கொண்டான். "வெண்பான்னு ஒரு கேம் வாங்கினேன் அண்ணே. ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிட்டு. உடனே ரீஃபண்ட் போட்டு முழுக்காசையும் வாங்கிட்டேன்லா."

"பிடிக்கலியாடே?"

"யாரு சொன்னா? கடைசியில கண்ணு நெறஞ்சிட்டுண்ணே."

ஆளுக்கு ரெண்டு பழம்பொரி தின்றோம். அவன்தான் காசு கொடுத்தான். தின்று முடித்த பழம்பொரிக்கு அவன் ரீஃபண்ட் கேட்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 'வெண்பா' 2023-ல் வந்தது. செய்தது டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ். 1980-களின் கடைசியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அங்கே வளரும் மகன், அவன் அம்மாவுக்கு அவளுடைய அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு. நோட்டில் பல இடம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கும். விட்டுப்போன வரியை நாம்தான் யோசித்து, இட்லி அவிக்கணும், புட்டு அவிக்கணும். புட்டு வருகிற இடத்தில் நான் சிரித்துவிட்டேன். நம்ம ஜில்லாக்காரனுக்குப் புட்டு அவிக்க ஒரு கேம் வந்து சொல்லித் தரணுமா? ஆனால் டி.வி.யில் அந்தக் குழாயைப் பார்த்தபோது, இத்தனை வருசம் நான் சுட்டுத் தள்ளிய எந்தக் கேமிலும் எங்க வீட்டு அடுக்களைச் சாமான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்பது உறைத்தது. அடுத்த வருசம் பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில், முதல் படைப்புக்கான விருது அதற்குத்தான் கிடைத்தது.

இனி ரீஃபண்ட் கதை. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீமில் காரணம் எதுவானாலும் காசு திரும்பக் கிடைக்கும். 2015-ல் வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். கம்ப்யூட்டரில் ஓடாத கேமுக்கும், படத்தில் ஒன்று காட்டி உள்ளே வேறொன்று வைக்கிறவனுக்கும் அது வேணும். ஆனால் முழுக்கேமே 2 மணி நேரத்துக்குள் முடிகிறது என்றால்? 2021-ல் 'சம்மர் ஆஃப் 58' என்று ஒரு பேய்க் கேம் வந்தது. எமிகா கேம்ஸ் என்ற பெயரில் செய்தவர், நல்லா இருக்கு என்று எழுதினவர்களே முடித்துவிட்டுக் காசைத் திரும்ப வாங்கிப் போகிறார்கள் என்று சொல்லி, கேம் செய்வதையே காலவரையில்லாமல் நிறுத்திவைப்பதாக அறிவித்தார்.

ஸ்டீமை நடத்துகிற வால்வ் கம்பெனியின் சொந்தக் கேம் 'போர்ட்டல்' மட்டும் என்ன நீளம்? 2007-ல் வந்தது, மூணு நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். மற்ற கேம்களோடு ஒரே பெட்டியில் போட்டுத்தான் முதலில் கடைக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறவன் முதலில் சொல்வது அந்தச் சின்னக் கேமைத்தான்.

"இந்த ரூபாய்க்கு எத்தனை மணி நேரம்?" என்ற கணக்கை உங்கள் தலையில் ஏற்றியதில் எனக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் மணிக்கணக்கில் விற்றது கேமை இல்லை. கரண்டையும் நாற்காலியையும். கேமைச் செய்தவனுக்கு என் கடையிலிருந்து ஒரு பைசா போனதில்லை. டிஸ்க் எங்கிருந்து வந்தது என்று இப்போதாவது யாரும் கேட்காதீர்கள்.

அந்தக் கணக்கையும் நீங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டவர்களா என்ன? சான் ஆண்ட்ரியாஸ் கேமைப் போட்டுவிட்டு, திரையில் கோடு மெல்ல நகரும்போதே ஒருத்தன் எழும்பி வருவான். "அண்ணே, லோடிங் ஆகுத நேரத்தைக் கழிக்கணும்." கரண்ட் போனால் கழிக்கணும். பார்ட்னர் ஒண்ணுக்குப் போனால் கழிக்கணும். மெமரி கார்டு அழிந்துபோய் முதலிலிருந்து ஆடினால் அதையும் கழிக்கணும் என்று ஒருத்தன் அழுதே விட்டான். எல்லா நிமிசத்துக்கும் ஒரே விலை இல்லை என்று பன்னிரண்டு வயதில் என்னோடு சண்டை போட்டவர்கள் நீங்கள். இப்போது 80 மணி நேரக் கேமை வாங்கி, வரைபடத்தில் கிடக்கிற நூறு கேள்விக்குறியையும் ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டுவிட்டு வருகிறீர்களே, அதில் பாதி லோடிங் இல்லாமல் வேறென்ன மக்ளே?

விலை கூடுதல் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். டாலரில் 15 என்பது அமெரிக்காக்காரனுக்கு ஒரு நேரச் சாப்பாடு, இங்கே பலருக்கு ஒரு நாள் கூலிக்கு மேல். இந்தியாவுக்கென்று குறைத்து விலை போடாத கேமை வாங்காமல் விட்டுவிட்டுப் போகலாம், தப்பில்லை. தள்ளுபடி வரும்வரை காத்திருக்கலாம். சின்னதாக இருப்பதாலேயே ஒரு கேம் நல்லதாகிவிடாது. கேம் செய்கிறவர்களுக்கென்று விற்கிற ரெடிமேட் மரத்தையும் வீட்டையும் ஒட்டிவைத்து 40 நிமிசத்தில் முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதையெல்லாம் பத்தாவது நிமிசத்தில் திருப்பிக் கொடுங்கள், நானே துணைக்கு வருகிறேன்.

நான் சொல்வது, பிடித்து, கடைசிவரை ஆடி முடித்ததைத் திருப்புவதைப் பற்றி மட்டும். நம்ம ஜில்லா மட்டி வாழைப்பழம் விரல் நீளம்தான். சந்தையில் ரோபஸ்டாவைவிட விலை கூட. ஆனாலும் பிள்ளைக்கு முதலில் கொடுக்க அம்மை அதைத்தான் தேடி வாங்குவாள். வாசனைக்கும் ருசிக்கும் சேர்த்துக் கொடுத்த விலை அது. 'வெண்பா' வந்த அதே 2023-ல்தான் நம்ம மட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொலியை மட்டும் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்ட ஆளை வடசேரிச் சந்தையில் நான் பார்த்ததில்லை.

நேரம் கிடைத்தால் 'எ ஷார்ட் ஹைக்' ஆடிப்பாருங்கள், 2019-ல் வந்தது. ஒரு குருவிப் பிள்ளை போனுக்கு சிக்னல் கிடைக்க மலை ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை. ரெண்டு மணி நேரம் போதும். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருக்கிற தம்பிக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ரிவ்யூ எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'ஒன்றரை மணி நேரம், வேஸ்ட்' என்று ஒற்றை வரியில் விடாதீர்கள். நேரத்தை எழுதுங்கள், வாங்குகிறவனுக்கு அது தெரியத்தான் வேணும். அதோடு, முடிந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். நம்ம பெங்களூர்க்காரன் அன்றைக்கு ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறான். நான் நோண்டிக் கேட்டபிறகுதான் சொன்னான். அவன் போட்ட ரிவ்யூவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பழைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து புரட்டினேன். அவன் பெயருக்கு நேராக என் கையெழுத்தில் 'லோடிங் 10 நிமிசம் கழித்தது' என்று கிடக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பினேன். சிரித்துவிட்டு, அடுத்த தள்ளுபடியில் திரும்ப வாங்குகிறேன் அண்ணே என்று பதில் போட்டிருக்கிறான்.

தள்ளுபடி வரட்டும், பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கடைக்கார அண்ணன்