வெளிய தெரியாத பல்லு

கோவில்பட்டி
ஞாயித்துக்கிழமை சாயங்காலம்

ஏட்டி ராஜி,

வெள்ளிக்கிழமைல இருந்து நாலு தடவ போன் பண்ணிருக்க, எடுக்கலன்னு கோவிச்சுக்காத. பேச முடியல. வாயில தையல் போட்ருக்கு. முந்தாநாள் பல்லு எடுத்தாச்சு, கீழ் வரிசை இடது பக்கம் கடவாய்ப்பல்லு. கன்னம் ஒரு பக்கமா வீங்கி கெடக்கு, இவுக தான் ரெண்டு நாளா கஞ்சி காச்சி ஆத்திக் குடுக்காக. வாய் தான ஓடல, கை நல்லாத்தான இருக்கு, எழுதிருவோம்னு ஒக்காந்துட்டேன். அதோட ஒனக்கு ஒண்ணு அவசரமா சொல்லணும், கடைசில சொன்னா நீ பாதியிலயே வச்சிட்டு சீரியல் பாக்கப் போயிருவ, அதனால மொதல்லயே சொல்லிடறேன். மேல ஆடுற பல்ல லீவுக்கு வரும்போது மதுரைல பிடுங்கிக்கறேன்னு சொன்னியே, இத முழுசா படிக்காம அதப் பிடுங்காத. யார் என்ன சொன்னாலும் பிடுங்காத. காரணம் பின்னாடி வருது.

இங்க எல்லாரும் சௌக்கியம். மீனா டீச்சர் பேத்தி காதுகுத்துக்கு நீ குடுத்து விட்ட மொய்ய எழுதியாச்சு. சின்னவ பொங்கலுக்கு வந்துட்டுப் போனா. தபால் ஆபீஸ் அண்ணாச்சி இன்னும் அதே சைக்கிள் தான், அதே பீடி தான்.

சரி பல்லுக்கு வாரேன். ஒன்பது வருஷம் முன்னாடி எனக்கு ரூட் கேனல் பண்ணாங்கல்ல, நீ கூட கூட்டிட்டுப் போய்ட்டு ஊசியப் பாத்ததும் வெளிய ஓடி கரும்புச்சாறு கடைல நின்னியே, அதே பல்லு தான். அப்பவே அந்த டாக்டரம்மா தெளிவா சொன்னாங்க, உள்ள குடைஞ்சு நரம்ப எடுத்தாச்சு, சுவர் மட்டும் தான் நிக்குது, மேல கேப் போடாட்டி கடிக்கிற கடிக்கு ஒரு நாள் பொளந்துரும்னு. அந்த மாசம் தான் சின்னவளுக்கு காலேஜ் பீஸ் கட்டுனோம். அப்புறம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. அப்புறம் வீட்டுக்குப் பின்னாடி சுவர் இடிஞ்சுச்சு. வலி இல்ல பாரு, வலி இல்லாததுக்கு நம்ம வீட்ல எப்ப துட்டு எடுத்துருக்கோம். அப்படியே ஒன்பது வருஷம் ஓடிருச்சு.

கார்த்திகைக்கு பொரி உருண்டை பிடிச்சேன். ஒண்ண வாயில போட்டு கடிச்சேன், டக்குன்னு ஒரு சத்தம், பாகு தான் முறுகிருச்சு போலன்னு நெனச்சேன். அப்புறம் கடிச்சா மட்டும் சுரீர்னு ஒரு வலி, ரெண்டு வாரத்துல ஈறுல ஒரு கொப்புளம், அமுக்குனா சீழ். எக்ஸ்ரே எடுத்தா பெருசா ஒண்ணும் தெரியல. டாக்டரம்மா ஒரு மெல்லிசான கம்பிய ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு சுத்தி சுத்திப் பாத்தாங்க, எல்லா எடத்துலயும் கொஞ்சமாத்தான் எறங்குது, ஒரே ஒரு எடத்துல மட்டும் சர்ருன்னு ஆழமா உள்ள போயிருச்சு. அப்பவே அவங்க மொகம் மாறிருச்சு. வேர் நெடுக பொளந்திருக்கு, இத ஒட்ட வைக்க வழியில்ல, விட்டு வச்சா அந்த வெடிப்பு வழியா கிருமி எறங்கி சுத்தி இருக்கற எலும்ப அரிச்சுரும்னாங்க. திருநெல்வேலி போய் இன்னொரு எடத்துலயும் காட்டுனேன். அவங்களும் அதையேதான் சொன்னாங்க. ஆனா அங்க பில் போடற எடத்துல இருந்த பொண்ணு, இன்னைக்கே இம்ப்ளான்ட், அதான் எலும்புல திருகாணி எறக்கி மாட்டற பல்லு, புக் பண்ணா தள்ளுபடி, நாளைக்கு இல்லன்னு சொல்லுச்சு. எனக்கு அப்படியே வயித்தெரிச்சல். வலியோட வந்து ஒக்காந்திருக்கறவ கிட்ட சேலை கடைல பேசற மாதிரியா பேசுறது?

ஆக எடுக்கறதா வேண்டாமாங்கற கேள்வி அப்பவே முடிஞ்சிருச்சு. எடுத்தப்புறம் அந்த எடத்துல என்ன பண்றது, அதான் இந்த ஒன்றரை மாசமா என் தலைய தின்னுச்சு. அப்படியே விட்ரலாம், அதுக்கு செலவு பிடுங்கறது மட்டும் 1,500. ரெண்டு பக்கத்துப் பல்லயும் தூணாக்கி பிரிட்ஜ் கட்டலாம், 18,000. கழட்டி மாட்டற பல்லு வைக்கலாம், அது இன்னும் கம்மி. இல்ல இம்ப்ளான்ட், நம்ம டாக்டரம்மா கிட்ட கேப்போட சேத்து 35,000.

யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில் தான் ராஜி. இவுக சொன்னாக, பெரியண்ணன் சொன்னாரு, எதிர் வீட்டு அக்கா சொல்லிச்சு, கூட தைக்கிற பிள்ளைக சொல்லிச்சு: "வெளிய தெரியாத பல்லு தான." முன்னாடி பல்லா இருந்தா போடலாம், சிரிச்சா அசிங்கமா இருக்கும், இது உள்ள கெடக்குது, இதுக்கா 35,000ம்பாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா கேக்க கேக்க எனக்கு என்னமோ பண்ணுச்சு. நான் சாப்பிடறதுக்கு இருக்கற பல்லு, அடுத்தவங்களுக்குத் தெரிஞ்சாத்தான் பல்லா? அம்பத்தாறு வயசு பொம்பள மென்னு திங்கறது ஒரு விஷயமே இல்லையா?

எங்க அம்மா ஞாபகம் வந்துருச்சு. அம்மாவுக்கும் இப்படித்தான் கடவாய்ல ஒண்ணு போச்சு. அப்புறம் அந்தப் பக்கம் மெல்ல முடியாம மறு பக்கமே மென்னு மென்னு அங்கயும் போச்சு. அறுபது வயசுல பல் செட்டு. ராத்திரி டம்ளர்ல போட்டு வைக்கும்ல, நீ தண்ணி குடிக்க எடுத்துட்டு அலறுனியே. அத நெனச்சு அன்னைக்கு எல்லாரும் சிரிச்சோம். அம்மா சிரிக்கல, இப்ப தான் எனக்கு அது ஒறைக்குது. கடைசி அஞ்சாறு வருஷம் கல்யாண வீட்டுக்குப் போனா பந்தில ஒக்காராது, பசிக்கலம்மான்னு சொல்லிரும். கறிக்கொழம்பு வச்சா குழம்ப மட்டும் ஊத்திக்கும். எங்க யாருக்கும் அது ஏன்னு கேக்கத் தோணல.

அண்ணன் மக சென்னைல கவர்மெண்ட் டென்டல் காலேஜ்ல, அதான் கோட்டை ஸ்டேஷன் பக்கத்துல இருக்கே, அங்க ஹவுஸ் சர்ஜனா இருக்கால்ல. ராத்திரி ராத்திரி அவ கூடத்தான் பேச்சு. அவ ஒண்ணு சொன்னா, எனக்கு அழுகையே வந்துருச்சு. "அத்தை, நீங்க எடுக்கப்போறது ஆறு வயசுல மொளைக்கிற பல்லு. பால் பல்லு எதுவும் விழாமயே பின்னாடி தானா வரும், அதனால அது நிரந்தரப் பல்லுன்னே நெறைய பேருக்குத் தெரியாது"ன்னா. அப்ப அது நாம ஒண்ணாம் வகுப்புல இருக்கும்போது மொளச்சது. அம்பது வருஷம் எனக்கு அரைச்சுப் போட்ருக்கு.

அவ எதையும் ஏத்தி எறக்கி சொல்ற பிள்ள இல்ல. எல்லாப் பல்லுக்கும் பதில் பல்லு வைக்கணும்னு அவசியம் இல்ல அத்தைன்னு அவளே சொன்னா. கடைசில இருக்கற பல்லு போனா பல பேரு சும்மா விட்டுட்டு நல்லாத்தான் இருக்காங்களாம். ஜப்பான்ல 1989ல இருந்து கவர்மெண்டே ஒரு இயக்கம் நடத்துதாம், 80 வயசுல சொந்தப் பல்லு 20 இருக்கணும்னு, அது இருந்தா பெரும்பாலும் எதையும் கடிச்சு சாப்பிட்டுக்கலாமாம். நான் ஒடனே கண்ணாடி முன்னாடி நின்னு எண்ணுனேன். ஞானப்பல்லு நாலும் எப்பவோ போச்சு, வலது பக்கம் கீழ ஒண்ணு போச்சு, இதும் போனா 26. நீயும் எண்ணிப் பாரு.

ஆனா என் கதைல சிக்கல் என்னன்னா, வலது பக்கம் கீழ முன்னாடியே போனதும் இதே கடவாய்ப்பல்லு தான். இப்ப ரெண்டு பக்கமும் பெரிய உரல் போச்சு. அதும் இது நடு வரிசைல இருக்கறதால, சும்மா விட்டா வருஷம் போகப் போக பின்னாடி பல்லு முன்னால சாயும், மேல் பல்லு கடிக்க ஆள் இல்லாம கீழ எறங்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பிரிட்ஜ்னா பக்கத்துல இருக்கற ரெண்டு நல்ல பல்லயும் சுத்தி ராவி சின்னதாக்கணும். ஏற்கெனவே அதுல கேப்போ பெரிய அடைப்போ இருந்தா அது நல்ல யோசனை தான்னாங்க, என்னுது ரெண்டும் சொத்தை படாத பல்லு. அத ராவ எனக்கு மனசு வரல.

இம்ப்ளான்ட்னா வேற ஒண்ணுமில்ல, டைட்டானியத்துல ஒரு திருகாணி. தாடை எலும்புல துளை போட்டு எறக்குவாங்க, மூணு மாசம் போல விட்டா எலும்பு அது மேலயே வளந்து கெட்டியா பிடிச்சுக்கும், அப்புறம் மேல பல்லு மாட்டுவாங்க. இத ஸ்வீடன்ல பிரோனேமார்க்னு ஒரு டாக்டர் தற்செயலா கண்டுபிடிச்சாராம். 1950கள்ல முயல் கால் எலும்புல ரத்த ஓட்டம் பாக்கறதுக்கு டைட்டானியத்துல ஒரு கருவி வச்சாரு, வேல முடிஞ்சு கழட்டப் போனா வரல, எலும்போட எலும்பா ஒட்டிருச்சு. 1965ல மொத ஆளுக்கு வச்சாங்க, தாடை சரியா அமையாம பொறந்த மனுசன், கீழ பல்லே இல்லாம கஷ்டப்பட்டவரு. அவரு 2006ல சாகறவரைக்கும் அது அப்படியே ஒழச்சுச்சாம். நாப்பது வருஷம்! கேட்டதுல இருந்து எனக்கு ஒரு தெம்பு.

அதுக்காக போட்டா முடிஞ்சுதுன்னு இல்ல. அதுக்கு சொத்தை வராது, ஆனா சுத்தி ஈறு கெட்டா எலும்பு கரைஞ்சு திருகாணி ஆடிரும். நம்ம அண்ணாச்சிக்கு மூணாவது வருஷமே ஆடி எடுத்துட்டாங்க, பீடிய விடல. கீழ்த்தாடைல உதட்டுக்கு வர்ற நரம்பு ஓடுது, அதுல பட்டா உதடு மரத்துப் போயிரும், அதான் ஸ்கேன் எடுத்து அளந்துட்டுத் தான் கைய வைப்பாங்க. எனக்கு எல்லாத்தயும் விட பெரிய தடை சுகர். மூணு மாச சுகர் டெஸ்ட் எடுக்க சொன்னாங்க, 8.6. டாக்டரம்மா பேப்பர மடிச்சு வச்சிட்டு, "இந்த அளவுல நான் திருகாணி வைக்க மாட்டேன், காயமும் ஆறாது, எலும்பும் பிடிக்காது, 7 பக்கத்துல கொண்டாங்க, அப்புறம் பேசுவோம்"னாங்க. துட்டு குடுக்கறேன்னு சொல்றவகிட்ட வேண்டாம்னு சொன்னாங்க பாரு, அப்ப தான் இவங்க கிட்டயே பண்ணணும்னு முடிவு பண்ணேன்.

அதனால இப்ப சீழ் நிக்கறதுக்காக பல்ல மட்டும் எடுத்தாச்சு. வேர ரெண்டா வெட்டி தனித்தனியா எடுத்தாங்க, எலும்பு ஒடையக்கூடாதுன்னு அவ்வளவு பொறுமை. பிடுங்கின எடத்துல எலும்பு ஒரு வருஷத்துல அகலத்துல பாதி வரைக்கும் சுருங்கிருமாம், அதுல பெரும்பங்கு மொத மூணு மாசத்துலயே. அதனால ரொம்ப நாள் தள்ளவும் முடியாது. சித்திரை முடிய எனக்கு கெடு. காலைல கண்மாய்க்கரை வரைக்கும் நடக்கறேன், சோறு ஒரு வேளை தான். துட்டுக்கு, ரவிக்கை தச்சு போட்ட சீட்டு மாசில விழுது, 40,000. யார்கிட்டயும் கேக்கல. இவுக கிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்தாக, அப்புறம் "எங்கம்மாவும் கடைசில அவலத் தான் ஊற வச்சு தின்னுச்சு"ன்னாக. அவ்வளவு தான். மறுநாள் காலைல நடக்க கூட வந்துட்டாக.

இப்ப ஒன் விஷயம். இத ரெண்டு தடவ படி. இடுப்பு எலும்பு தேஞ்சு போச்சுன்னு வருஷத்துக்கு ஒரு ஊசி கையில ஏத்திக்கறேல்ல? நான் பல்லு எடுக்கப் போன அன்னைக்கு டாக்டரம்மா கேட்ட மொத கேள்வியே அதான், எலும்பு தேய்மானத்துக்கு ஊசி போடுறீங்களா, வாரத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுறீங்களான்னு. எனக்கு ஒடனே ஒன் ஞாபகம். அந்த மருந்து உள்ள இருக்கும்போது பல்லு பிடுங்குனா சில பேருக்கு, ரொம்ப அபூர்வமாத்தான், தாடை எலும்பு ஆறாம வெளிய தெரிஞ்சு செத்துப் போயிருமாம். எலும்புக்கு போடுற சின்ன அளவுல ஆபத்து கம்மி, கேன்சருக்கு அடிக்கடி போடறவங்களுக்குத் தான் ஜாஸ்தி, அதனால பயந்து நடுங்காத. ஆனா சொல்லாம மட்டும் எடுத்துறாத. ஊசிய நீயா நிறுத்தவும் செய்யாத, நிறுத்துனா எலும்பு ஒடையற ஆபத்து கூடிரும். பல்லு டாக்டர், ஊசி போடற டாக்டர் ரெண்டு பேருக்கும் ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குத் தெரியணும். ஒங்க அத்தானுக்கு ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை குடுக்காங்கள்ல, அவருக்கும் இதே தான், டாக்டர கேக்காம ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது. நீ "ஆடுற பல்லு தான, நூலக் கட்டி இழுத்தா வந்துரும்"னு சொல்ற ஆளு, எட்டாங்கிளாஸ்ல ஜெயா பல்ல அப்படித்தான இழுத்த. இது அது இல்லட்டி. ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யார்கிட்ட போய் பேசுவேன்.

ஊசி பேரு எழுதுன சீட்ட போட்டோ எடுத்து இன்னைக்கே எனக்கு அனுப்பு, அண்ணன் மக கிட்ட காட்டறேன். எந்த மாசம் கடைசியா போட்டன்னும் எழுது. லீவுக்கு வரும்போது மதுரைல எறங்காம நேரா இங்க வா, ரெண்டு பேரும் டாக்டரம்மாவப் பாத்துட்டு வந்துருவோம், நான் ஒன் கையப் பிடிச்சுக்கறேன், கரும்புச்சாறு கடைக்கு ஓட விடமாட்டேன்.

புதன்கிழமைக்கு மேல போன் பண்ணு, அதுக்குள்ள பேச வந்துரும். இவுக வெதுவெதுன்னு உப்புத்தண்ணி கொண்டாந்து வச்சிட்டு நிக்காக. கொப்பளிக்கணும். வைக்கிறேன்.

சரசு