கிளிநொச்சியிலிருந்து குகனுக்கு

அன்புள்ள குகன்,

உன் கடிதம் கிடைத்தது. மாமிக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோசம். இங்கே காலபோக நெல் வெட்டி வித்தும் ஆயிற்று. விலையை மட்டும் கேட்காதே.

போதைப்பொருள் எடுத்து அகப்பட்ட தென்னாபிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ரபாடாவைப் பற்றி நீ எழுதியதை வாசித்ததிலிருந்து மனதுக்குள் உன்னோடு சண்டைதான். போட்டி இல்லாத நாளில் ஒருவன் என்ன எடுத்தால் கிரிக்கெட்டுக்கு என்ன என்று கேட்கிறாய். ஊக்கமருந்துத் தடைச் சட்டமும் இப்போது ஏறக்குறைய உன் பக்கம்தான் மச்சான். கொக்கெயின், ஹெரோயின், எக்ஸ்டசி, கஞ்சா ஆகிய நான்கையும் 2021 முதல் தனியாகப் பிரித்துவிட்டார்கள். போட்டிக்கு வெளியே எடுத்தது, ஆட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று காட்டினால் தடை மூன்று மாதம். சிகிச்சைத் திட்டம் ஒன்றை முடித்தால் ஒரு மாதம். ரபாடா அந்த ஒரு மாதத்தோடு திரும்பி வந்து, 2025 ஜூனில் லோர்ட்ஸில் நடந்த உலக டெஸ்ட் இறுதியில் ஒன்பது விக்கெட் எடுத்தார். முன்பென்றால் வருடக் கணக்கில் வீட்டில் இருந்திருப்பார்.

நாங்கள் கும்பிட்ட மரடோனாவை நினைத்துப் பார். 1991இல் கொக்கெயினுக்குப் பதினைந்து மாதத் தடை. 1994 உலகக் கிண்ணத்தில் எபெட்ரினுக்கும் அதே பதினைந்து மாதம். முதலாவது அந்த மனுசனையே தின்றுகொண்டிருந்த நோய், மற்றது களத்தில் உசார் தரும் மருந்து. இரண்டுக்கும் ஒரே தண்டனை எழுதியவர்கள் எதைத்தான் தண்டித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கஞ்சாவில் இன்னும் குழப்பம். போட்டிக் காலத்தில் மட்டும்தான் அது தடை. அந்தக் காலம் முதல்நாள் இரவு 11.59க்குத் தொடங்குகிறது. ஆனால் அது கொழுப்பில் தங்கும் சாமான், அடிக்கடி புகைப்பவனின் சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும். அதனால் 2013இல் அகப்படும் எல்லையை மில்லிலீற்றருக்கு 15 நனோகிராமிலிருந்து 150க்கு உயர்த்தினார்கள். அப்படியிருந்தும் 2021இல் அமெரிக்க ஓட்டக்காரி ஷகாரி ரிச்சர்ட்சன் அகப்பட்டார். பெற்ற தாய் இறந்த செய்தி கேட்டு, கஞ்சா சட்டபூர்வமான ஒரு மாநிலத்தில் புகைத்தவர். ஒரு மாதத் தடைதான், ஆனால் தெரிவுப் போட்டியில் வென்ற நூறு மீற்றர் முடிவு அழிந்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடும் வாய்ப்பும் கைவிட்டுப் போயிற்று.

சரி, எங்கள் உதைபந்தாட்டக் கழகக் கதைக்கு வருகிறேன். எங்கள் கிரவுண்டுக்குச் சிறுநீர்ப் போத்தலோடு எவரும் வரப்போவதில்லை. போன மாதம் எங்கள் இடதுபக்கப் பொடியன் வாய்க்கால் கரையில் கஞ்சாச் சுருட்டோடு பிடிபட்டான். நிர்வாகக் கூட்டத்தில் பொருளாளர் மேசையில் அடித்து, "வாழ்நாள் தடை, ஜேர்சியையும் வாங்குங்கோ" என்றார். பொடியன் வாசலில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றான். நான் கேட்டது ஒன்றுதான்: கிரவுண்டையும் பறித்தால் பின்னேரம் ஐந்து மணிக்கு இவன் எங்கே போவான்? அந்த நேரத்தில் அவனைக் கூப்பிட ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் வைத்திருப்பது கஞ்சா மட்டுமில்லை. கடைசியில் சுற்றுப்போட்டியில் இறக்குவதில்லை, பயிற்சிக்கு மட்டும் தவறாமல் வரவேண்டும் என்று முடிவானது. பொருளாளர் என்னோடு இன்னும் கதைப்பதில்லை.

ஆகவே நான் சொல்வது, இந்த மாதிரிப் போதையை ஊக்கமருந்துக் கணக்கில் எழுதாதே, ஆனால் உன்னைப்போல் கண்ணை மூடிக்கொண்டும் இராதே. ஆளைத் திருத்துகிற வேலை கழகத்துக்கு உண்டு.

ஐஸ் என்கிற மெதம்பெட்டமின் போதைப்பொருள் விசயத்தில் மட்டும் என் நியாயம் உதவாது. அந்தச் சலுகை நாலுக்குள் அது இல்லை, இருக்கவும் கூடாது. அது களைப்பையே மறக்கடிக்கிற மருந்து. "அதைப் போட்டால் இரண்டு மாட்ச் தொடர்ந்து ஓடலாம்" என்று ஒரு பொடியன் சிரித்துக்கொண்டே சொன்னதை என் காதாலேயே கேட்டேன். கஞ்சாக்காரனுக்குப் பரிந்து பேசிய அதே வாயால் அவனுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொருளாளரிடம் கேட்கவும் முடியாது.

இடதுபக்கம் ஆளில்லாமல் அரையிறுதியில் தோற்றோம். ஆடியில் வருகிறாய் அல்லவா, உன் மகனின் பழைய பூட்ஸ் ஒரு சோடி கொண்டு வா. அளவு எட்டு.

அன்புடன்,
ரவி