ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் என் அம்மாவுக்கு நெஞ்சு வலி. இங்கே ஒரு மருத்துவமனையில் 3 நாள் வைத்திருந்து, கோவைக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். இ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்திருந்தும், "ஃபைலை வெளியே தர மாட்டோம்" என்று ஒரு துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள். கோவையில் முதல் கேள்வியே "பழைய ரிப்போர்ட் எங்கே?" என்ன மருந்து ஏற்றினார்கள் என்பதைக்கூட எங்களால் சொல்ல முடியவில்லை. எல்லாப் பரிசோதனையும் மறுபடி முதலிலிருந்து. அம்மா தேயிலை பறித்துச் சேர்த்த பணம் அது.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்: 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும்.

எங்களுக்கு 72 மணி நேரமே அதிகம். மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால், ஒரு தாளுக்காக யார் திரும்ப மலையேறுவது? கூடலூர், பந்தலூர்க்காரர்கள் பாடு இன்னும் சிரமம். மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போதே நகலைக் கையில் கொடுக்க வேண்டும். மாவட்ட சுகாதாரத் துறை இந்த விதியைத் தமிழில் எழுதி ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் ஒட்டச் செய்யட்டும்.

– ஒரு வாசகர், கோத்தகிரி