வரைபடத்தைச் சொற்களில் எழுதவும் பழக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில் நாள்தோறும் வரும் மேட்டூர் அணை நீர்மட்டப் பெட்டிச் செய்தியைப் படித்ததும் அந்த அளவை டைரியில் குறித்துவைப்பது என் நெடுநாள் வழக்கம். வெளிநாடு செல்ல விரும்பும் ஒரு செவிலியருக்கு, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் அந்தக் குறிப்புகள் பயன்படும் என்று அண்மைக்காலம் வரை நான் நினைத்ததில்லை. அது பற்றியும், நம் பள்ளிகளில் விட்டுப்போன ஒரு சிறு பயிற்சி பற்றியும் எழுத விரும்புகிறேன்.

அந்தத் தேர்வின் அகாடமிக் பிரிவில் எழுத்துத் தாளுக்கு ஒரு மணி நேரம், கேள்விகள் இரண்டு. முதல் கேள்வியில் கோட்டு வரைபடமோ, பட்டை வரைபடமோ, வட்ட விளக்கப்படமோ, அட்டவணையோ, சில வேளைகளில் ஒரு பொருள் உருவாகும் முறையைக் காட்டும் படமோ தரப்படும். அது காட்டுவதைக் குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். இரண்டாவது கேள்வி குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. கட்டுரைக்கு இருமடங்கு எடை என்பதால் முதல் கேள்வியை 20 நிமிடத்தில் முடித்துவிடுவது நல்லது. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய இந்தத் தேர்வை எழுதுவோர் கேட்டல், படித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 பெற வேண்டும். எங்கள் கன்னங்குறிச்சித் தெருவில் குடியிருக்கும் செவிலியப் பெண்ணுக்கு முதல் மூன்றிலும் குறையில்லை. எழுத்தில் மட்டும் 6. அந்த அரை மதிப்பெண்ணுக்காக மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டிய நிலையில், தம் பயிற்சி நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். ஆங்கிலம் என் துறையன்று. ஆனாலும் படம் வரைபடமாயிற்றே என்று வந்திருக்கிறார்.

நோட்டைப் புரட்டியதும் நோய் புரிந்தது. அவர் சேர்ந்திருந்த பயிற்சி நிலையத்தில், எந்தப் படம் வந்தாலும் பொருந்தும் என்று சொல்லி, இடையிடையே கோடிட்ட இடங்களுடன் சில வாக்கியங்களை மனப்பாடம் செய்யக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விடையும் அதே வாக்கியத்தில் தொடங்கியது. அதன் பிறகு படத்திலிருந்த எண்களெல்லாம் இடமிருந்து வலமாக அணிவகுத்தன. மூன்று கோடுகள், எட்டு ஆண்டுகள், ஆக 24 எண்கள். ஒன்றுகூட விடுபடவில்லை, ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் முழு விடையையும் படித்து முடித்த பின்னும், அந்தப் படத்தில் எது ஏறியது, எது இறங்கியது, எது எதை முந்தியது என்பது எனக்குத் தெரியவில்லை. தேர்வு நடத்துவோர் வெளியிட்டுள்ள மதிப்பீட்டு விளக்கத்தைப் பார்த்தால், முக்கியமான போக்கைத் தொகுத்துச் சொல்லாமல் விவரங்களை இயந்திரம்போல் அடுக்குவது பேண்ட் 5-இன், அதாவது 5 மதிப்பெண் நிலையின், அடையாளம். அந்தத் தொகுப்பு, அதாவது ஓவர்வியூ, தெளிவாக இருப்பது பேண்ட் 7-இன் அடையாளம். மொத்தத்தில் அவருக்கு 6 கிடைத்ததே அவருடைய நல்ல ஆங்கிலத்தால்தான் என்பது என் கருத்து.

நோட்டை மூடிவைத்துவிட்டு, என் டைரியிலிருந்து 2024 ஜூன், ஜூலை மாதங்களின் மேட்டூர் நீர்மட்டத்தை ஒரு வரைபடத் தாளில் குறித்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து, வீட்டில் அம்மாவிடம் சொல்வதுபோல் தமிழில் சொல்லுங்கள் என்றேன். “ஜூன் பூராவும் பெருசா அசையலைங்க சார், ஜூலை பாதிக்கு மேல சரசரன்னு ஏறி மாசக் கடைசில ரொம்பிருச்சு” என்றார். நான்கு மாதப் பயிற்சியில் எழுத வராத ஓவர்வியூ ஒரே மூச்சில் வந்துவிட்டது. அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன், எழுதினார், தடையின்றி.

இனி சிக்கல்கள். அடுத்த வரியிலேயே, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டதால் மேட்டூர் நிரம்பியது என்று எழுதினார். உண்மைதான், சேலத்துக்காரர் எவரும் அப்படித்தான் எழுதுவார். ஆனால் அது தாளில் இல்லை. படத்தில் இல்லாத காரணத்தையோ தம் கருத்தையோ இந்தக் கேள்வியில் சேர்க்கக் கூடாது; அதற்குரிய இடம் இரண்டாவது கேள்வியான கட்டுரை. நீர்மட்டம் 60 அடியைத் தொட்ட நாளைக் காட்டி, அணையில் பாதித் தண்ணீர் என்றும் எழுதியிருந்தார். அச்சில் நான் எழுதியிருந்தது நீரின் உயரத்தைச் சொல்லும் அடி, நீரின் கொள்ளளவைச் சொல்லும் டி.எம்.சி. அன்று. 120 அடியில் 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்த அணை, கீழே குறுகி மேலே விரிந்து கிடப்பதால், 60 அடியில் பாதிக்கும் வெகு குறைவான நீரே இருக்கும். அச்சில் என்ன அலகு என்று பாராமல் எழுதினால் இத்தகைய பிழை எந்த மொழியிலும் வரும்.

அவரை அதிகம் குழப்பியவை ‘டு’ (to), ‘பை’ (by) என்னும் இரண்டு சிறு ஆங்கிலச் சொற்கள். நீர்மட்டம் 40 அடியை ஒட்டிய நிலையிலிருந்து ஜூலை 30-ஆம் தேதி 120 அடியாக உயர்ந்தது. ஆகவே ஏறத்தாழ 80 அடி உயர்ந்தது. ‘120 அடியாக’ என்ற இடத்தில் ‘டு’ வரும், ‘80 அடி’ என்ற இடத்தில் ‘பை’ வரும். இரண்டையும் மாற்றிப் போட்டால் கணக்கே தலைகீழாகிவிடும். தமிழில் இந்த வேறுபாட்டை நாம் யோசிக்காமலே சரியாகச் சொல்கிறோம் என்று காட்டியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதேபோல், 10 சதவீதம் 15 சதவீதமானால் அது ‘5 சதவீத உயர்வு’ அன்று. 5 சதவீதப் புள்ளி உயர்வு, அல்லது 50 சதவீத உயர்வு. இந்தப் பிழையைத் தங்கள் வணிகப் பக்கத்திலும் பலமுறை பார்த்திருக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

என் பங்குக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். அட்டவணை போடு, புள்ளிகளைக் குறி, வளைவரையை நடுங்காமல் வரை, மூலையில் அளவுத்திட்டம் எழுத மறக்காதே என்று பணியில் இருந்த காலமெல்லாம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். வரைந்து முடித்த பிள்ளையிடம், இந்தக் கோடு என்ன சொல்கிறது, இரண்டு வரியில் எழுது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தமிழாசிரியர் அது கணக்கு வாத்தியார் வேலை என்றிருந்தார். நான் அது மொழிப்பாட வேலை என்றிருந்தேன். தாய்மொழியில் ஒருமுறையும் செய்து பாராத வேலையை, 25 வயதில், கட்டணம் கட்டிய அறையில், 20 நிமிடத்தில், அயல்மொழியில் செய்யச் சொன்னால் மனப்பாட வாக்கியத்தைத் தேடி ஓடாமல் அந்தப் பிள்ளை வேறென்ன செய்யும்?

எனவே, பத்தாம் வகுப்பு வரைபடக் கேள்வியின் 8 மதிப்பெண்ணில் 2 மதிப்பெண்ணை, வரைந்த படத்தை மாணவர் தம் பயிற்றுமொழியில் இரண்டு வாக்கியங்களில் விவரிப்பதற்கு ஒதுக்குமாறு பள்ளிக்கல்வித் துறையைத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமாவது, அந்த வாரத்து மேட்டூர் நீர்மட்டத்தை எண்ணாக அச்சிடாமல், விளக்கம் எதுவுமின்றி ஒரு கோட்டு வரைபடமாக வெளியிடுங்கள். மறுநாள் இதழில் மாணவர் எழுதி அனுப்பும் இரண்டு வரிகளில் நல்லதொன்றைப் போடலாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஆண்டுகளின் அளவுகள் தேவைப்பட்டால் 1996 முதலான என் டைரிகள் அலமாரியில் இருக்கின்றன, ஆளனுப்பினால் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கன்னங்குறிச்சி, சேலம்.