அலமாரி செய்யச் சொல்வதற்கு முன்: அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மிணிக்கு,

புது வீட்டுப் படுக்கையறையில் ஒரு சுவர் முழுவதையும் அடைத்து, கூரை வரை எட்டும் அலமாரி ஒன்று செய்யப் போவதாகவும், அதன் வரைபடத்தைப் பார்த்து என் கருத்தைச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது இருக்கும் இரண்டு அலமாரிகளிலும் துணி கொள்ளவில்லை என்று நீ எழுதியிருந்த காரணம்தான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் செக்கிங் பிரிவில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். துணியைப் பற்றி உன்னிடம் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நம்புகிறேன். உன் வயதுப் பெண்கள், பையன்கள் பலருடைய வீட்டிலும் இதே நிலைதான் என்பதால், நீ சம்மதித்தபடி இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேலை சொல்கிறேன். அலமாரியைத் திறந்து துணிகளை எண்ணாதே. ஒரு மாதம் உன் வீட்டுக் கொடியைக் கவனி. வாரம் தோறும் துவைத்துக் காயப்போடும்போது எவை எவை திரும்பத் திரும்பக் கொடிக்கு வருகின்றன என்று பார். நீலப் பருத்திச் சுடிதார், கறுப்புக் கால்சட்டை, மூன்று நான்கு குர்தாக்கள், வீட்டில் போடும் இரண்டு நைட்டிகள் என்று ஒரு சிறு கூட்டம்தான் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். உண்மையில் உனக்கு இருக்கும் துணி அதுதான். மற்றவை அலமாரிக்கு இருக்கும் துணி. இளைத்தால் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தவை, ஒரே ஒரு திருமணத்துக்காக எடுத்தவை, திருப்பி அனுப்ப நினைத்து நாள் தவறிப்போனவை, விலைச்சீட்டு இன்னும் கிழிக்கப்படாதவை ஆகியவற்றுக்காகத்தான் நீ இப்போது ஒரு சுவரை விட்டுக்கொடுக்கப் போகிறாய். சென்னையில் ஒரு சதுர அடி என்ன விலை என்று வீட்டுக்கடன் கட்டும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் வீட்டில் துணி எடுப்பதற்கென்று காலம் இருந்தது. தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒன்று, பள்ளி திறக்கும்போது சீருடை, வீட்டில் திருமணம் என்றால் பட்டு என்பதோடு முடிந்துவிடும். கம்பெனிகளில் தீபாவளி போனஸ் கொடுத்த பிறகுதான் திருப்பூர்க் கடைவீதியில் கூட்டம் சேரும். அந்தப் பணம் கைக்கு வரும்வரை யார் எதைக் கேட்டாலும் "தீபாவளிக்குப் பார்க்கலாம்" என்பதுதான் பதில். அந்தக் காலத்தை நான் உயர்த்திப் பேசவில்லை. மாற்றுத் துணி இல்லாமல், துவைத்தது முழுதாகக் காயும் முன்பே எடுத்துக் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போன பெண்களை நான் அறிவேன். பொங்கலுக்கு ஏழைக் குடும்பங்களுக்கு வேட்டி, சேலை வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 1983இல் தொடங்க வேண்டியிருந்தது என்றால், நாட்டில் துணிக்கு அவ்வளவு தட்டுப்பாடு இருந்தது என்றுதானே பொருள்? அந்த இல்லாமை எவருக்கும் திரும்பி வர வேண்டாம். ஆனால், துணி எடுப்பதற்கும் ஆண்டின் நாட்களுக்கும் இடையே இருந்த கணக்கு அறுந்துபோனபோது, போதும் என்று நிற்கும் இடமும் அதோடு போய்விட்டது.

எப்படி அறுந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆடி மாதத்தில் சுபகாரியங்கள் இல்லாமல் வியாபாரம் மந்தமாக இருக்கும் என்பதற்காகக் கடைக்காரர்கள் கொடுக்கத் தொடங்கிய தள்ளுபடி, இன்று தீபாவளிக்கு இணையான கூட்டத்தைத் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்கும் உஸ்மான் சாலைக்கும் இழுக்கிறது. பிறகு கைப்பேசி வந்தது; மந்தமான மாதம் என்ற ஒன்றே இல்லாமல் போனது. அலுப்பாக இருக்கும் இரவில் படுக்கையில் படுத்தபடியே ஒரு குர்தா வாங்கலாம். கொண்டுவந்து கொடுக்கும் கூலி மிச்சமாகும் என்பதற்காக இன்னொன்றும் சேர்த்து வாங்கலாம். முன்பு கடைக்குப் போக வேண்டும், பேருந்து பிடிக்க வேண்டும், துணியைக் கையில் பிடித்து நயம் பார்க்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களிடம் விலையைச் சொல்ல வேண்டும். அந்தத் தடைகள் ஒவ்வொன்றும் நம்மைக் காத்துக்கொண்டிருந்தன என்று இப்போது தோன்றுகிறது.

இவற்றைவிடப் பெரிய காரணம் புகைப்படம்தான் என்பது என் எண்ணம். ஒரு பட்டுப்புடவையைப் பத்துத் திருமணங்களுக்குக் கட்டிக்கொண்டு போனாலும் முன்பு யாரும் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. "உனக்கு இந்தக் கலர் எப்போதும் எடுப்பாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். இன்று ஒவ்வொரு விசேஷமும் படமாகி எல்லோருடைய கைக்கும் போய்விடுவதால், அதில் ஒருமுறை வந்துவிட்ட புடவையை மறுமுறை கட்டக் கூசுகிறீர்கள். நவராத்திரி என்றால் அலுவலகத்தில் நாளுக்கொரு நிறம். தோழியின் திருமணம் என்றால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே நிறத்தில் புடவை. பச்சை நிறத்தில் ஒன்றும் இல்லையே என்று நீ பதறி எழுதிய செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மிணி, பச்சையில் ஒன்று இல்லாமல் இருப்பது ஒரு குறையே அல்ல. உன்னை யாரும் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

2000க்கும் 2015க்கும் இடைப்பட்ட காலத்தில் உலகில் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரு மடங்கானது என்றும், ஓர் ஆடை கழிக்கப்படுவதற்கு முன் உடுத்தப்படும் தடவைகள் அதே காலத்தில் 36 விழுக்காடு குறைந்துவிட்டன என்றும் எல்லன் மக்கார்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இரண்டாவதாகச் சொன்னதுதான் என் மனத்தை அதிகம் வருத்துகிறது. மக்கள்தொகை கூடுகிறது, வசதி கூடுகிறது, உற்பத்தி கூடுகிறது என்றால் அதை விளங்கிக்கொள்ளலாம்; உடுத்தாமலே கழிப்பதற்காகத் துணி செய்கிறோம் என்பதை, துணி செய்யும் ஊரில் இருந்துகொண்டு எப்படி ஏற்றுக்கொள்வது?

ஒரு பனியன் துணிச் சட்டை எத்தனை கைகளைத் தாண்டி உன்னிடம் வருகிறது என்று உனக்குத் தெரியுமா? மில்லில் நூலாகி, நிட்டிங்கில் துணியாகி, சாயப்பட்டறையில் சலவையும் சாயமும் ஏறி, துணி பின்னால் சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங் முடிந்து, கட்டிங் மேசைக்கு வந்து, ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷின்களில் தைக்கப்பட்ட பிறகுதான் செக்கிங்குக்கு வரும். அளவு சரியா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஊசி பட்ட ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு பீஸையும் விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, பிசிறு நூலை வெட்டி, அயர்னிங்குக்கு அனுப்புவோம். மாலையில் கண் எரியும். உள்பக்கம் அரை அங்குலம் தையல் தவறியிருந்தால்கூட ஒதுக்கிவிடுவோம். இத்தனை பேர் இவ்வளவு கவனமாகப் பார்த்து அனுப்பிய சட்டையை ஒருவர் இரண்டே முறை போட்டுவிட்டு மூலையில் எறிகிறார் என்று கேள்விப்படும்போது எங்களுக்கு மனம் வலிக்கிறது.

ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பருத்திச் சட்டைக்குப் பருத்தி விளைவதிலிருந்து ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. பருத்தியில் சாயம் பிடிப்பதற்கு உப்பு நிறையப் போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. அப்படித்தான் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு கெட்டது. பாசனத்துக்காக 1992இல் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கி நின்றது. அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று, அதை நம்பியிருந்த விவசாயிகளே கேட்கும்படி ஆயிற்று. கிணறுகளில் உப்பு ஏறியது, தென்னைகள் கருகின. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ஊரே வேலையின்றி நின்றதை உன் அப்பாவிடம் கேட்டால் சொல்வார். இன்று கழிவுநீரை ஆற்றில் விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு மின்சாரமும் பணமும் பெருமளவில் ஆகின்றன. எஞ்சும் கசடை என்ன செய்வது என்ற தொல்லையும் இருக்கிறது. இத்தனையும் சேர்த்தால் ஒரு சட்டை நூற்றைம்பது ரூபாய்க்கு எப்படிக் கிடைக்க முடியும் என்று எனக்கே விளங்குவதில்லை. எங்கோ யாரோ அந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே, ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்ததில் 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் இறந்தபோது, அவர்கள் கொடுத்த விலையை உலகம் பார்த்தது.

"உடுத்தாதவற்றை யாருக்காவது கொடுத்துவிடுகிறேனே, அத்தை" என்று நீ சொல்வாய். கொடுப்பது நல்லதுதான். ஆனால், கொடுத்துவிடலாம் என்ற நினைப்பே அடுத்ததை வாங்கும் மனத்தடையை எடுத்துவிடுகிறது என்பதைக் கவனித்திருக்கிறாயா? 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நாடெங்கும் இருந்து நம் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் அது குவியல் குவியலாகக் கிடந்தது. எல்லாவற்றையும் இழந்து நின்ற மீனவக் குடும்பங்கள்கூட, பிறர் கழித்துப் போட்டதைத் தொட விரும்பவில்லை. அவர்களுடைய தன்மானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கூஞ்ச் போன்ற அமைப்புகள் அந்தக் குவியலைத் தரம் பிரித்துப் பயனுள்ளதாக்கப் பாடுபட்டன. உன் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் வீட்டிலும் இன்று துணிக்குப் பஞ்சமில்லை. நீ கொடுப்பதை மறுக்க முடியாமல் வாங்கிப் போகிறாரோ என்று ஒருமுறை யோசித்துப் பார். பழைய துணியிலிருந்து புதுத் துணி செய்துவிடுவார்கள் என்றும் நினைத்துக்கொள்ளாதே. பானிபட்டில் பழைய கம்பளி ஆடைகளைக் கிழித்து மறுபடியும் நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால், உலக அளவில் அப்படித் திரும்பவும் ஆடையாக மாறுவது ஒரு விழுக்காட்டைவிடக் குறைவு என்று நான் மேலே சொன்ன அதே அறிக்கை கூறுகிறது.

துணிக்கு நம் வீடுகளில் முதுமை என்று ஒன்று இருந்தது. உன் பாட்டியின் நூல் சேலை நைந்துபோனால் குழந்தைக்குத் தூளியாகும். தூளியும் கிழிந்தால் தலையணை உறையாகும். அதன் பிறகு கரித்துணியாகி அடுப்படியில் முடியும். தாத்தாவின் பழைய வேட்டி இட்லித் துணியாகும், மாடியில் வடகம் பிழிந்து காயவைக்க விரிப்பாகும். நீ இப்போது வாங்கும் துணிகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர் அல்லது பாலியஸ்டர் கலந்தவை. அவை தண்ணீரை உறிஞ்சுவதில்லை, தூளி கட்டினால் குழந்தைக்கு வேர்க்கும், பாத்திரம் பிடிக்கப் போனால் சூட்டில் உருகும். புதியதாக இருக்கும் சில நாட்கள் தவிர அவற்றுக்கு வாழ்க்கையே இல்லை. வாங்குவதற்கு முன் இந்தத் துணி பழையதானால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டுக்கொள். பாதிக்குப் பாதி வாங்காமல் திரும்பிவிடுவாய்.

விலையையும் கடைச்சீட்டை வைத்துக் கணக்கிடாதே. 900 ரூபாய்க்கு எடுத்த குர்தாவை இரண்டு முறை போட்டுவிட்டு நிறுத்தினால், ஒரு தடவைக்கு 450 ரூபாய் கொடுத்திருக்கிறாய். 2,400 ரூபாய்க்கு நல்ல கைத்தறிப் பருத்தியில் எடுத்து 80 முறை உடுத்தினால், தடவைக்கு 30 ரூபாய்தான். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிச் சமயத்தில் தள்ளுபடியும் கொடுப்பார்கள். நான் சொல்வது கஞ்சத்தனம் அல்ல என்பது இதிலிருந்து புரியும். நல்லதாக எடு, விலை கூடுதலாக இருந்தாலும் எடு, அதைக் கிழியும்வரை உடுத்து.

அலமாரி விஷயத்துக்கு வருகிறேன். சுவர் முழுவதும் வேண்டாம், பாதி போதும். மீதி இடத்தில் சன்னலோரமாக ஒரு மேசை போட்டுக்கொள், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் உதவும். பரண் வேண்டவே வேண்டாம். கண்ணில் படாத துணி உடுத்தப்படுவதில்லை. தட்டுகளைக் கை எட்டும் உயரத்தோடு நிறுத்தச் சொல். பட்டுப்புடவைகளைக் கம்பியில் தொங்கவிடாமல், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வை. ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்திலேயே இற்றுவிடும்.

போடாமல் கிடக்கும் ரவிக்கைகள் பலவும் இறுக்கமாகிவிட்டவை என்று எழுதியிருந்தாய். அவற்றைத் தூக்கிப் போடாதே. நம் தெருமுனைத் தையற்காரர் உள்ளே இரண்டு தையல் விட்டுத்தான் தைத்திருப்பார், பிரித்துவிட்டால் ஒன்றரை அங்குலம் கிடைக்கும். பக்கவாட்டில் துணி விடாமல் தைத்த ரெடிமேடுகளுக்கு அக்குளில் பட்டி வைத்துக் கொடுப்பார். ஃபால்ஸ் பிரிந்த புடவைகளையும், ஜிப் போன கால்சட்டைகளையும் சேர்த்து ஒரு பையில் கட்டி எடுத்து வா. தீபாவளிக்கு முந்திய மூன்று வாரங்களில் மட்டும் வராதே. அப்போது அவர் புதுத் துணியைத் தவிர வேறு எதையும் கையில் வாங்க மாட்டார். ஆவணியில் ஏதாவது ஒரு சனிக்கிழமை வந்தால், அன்று மாலையே தைத்து வாங்கிவிடலாம்.

அன்புடன்,
உன் அத்தை